சவரிநாதன் வைத்த மூக்கு

டோல்கேட் பள்ளத்தில், முழங்கால் அளவு மழைத் தண்ணீரில், கார் ஒரு விக்கல் விக்கி நின்றது. ஓட்டிக்கொண்டு வந்த இக்னேஷியஸ் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "இங்க வந்தா அது எப்பவும் கொஞ்ச நேரம் நிக்கும்" என்றார்.

பின்சீட்டில் இரண்டு பேர். அவருடைய மகள் செசிலியைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வந்துகொண்டிருந்த தேவப்பிரியம், அவனைப் பெற்ற சிலுவையம்மாள். பையன் ஒரு கம்பெனியின் லாரி ஷெட்டில் ஃபிட்டர். தாய் விதவை. ஏறியதிலிருந்து, அடுத்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவளைப் போல, சீட்டின் நுனியிலேயே இருந்தாள்.

முன்சீட்டில் இருந்த மச்சான் சவரிநாதன், "பேஜாரே இல்ல. மூச்சு வாங்குது. ஒரு நிமிசம் வுடு" என்றார்.

இக்னேஷியஸுக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தா உத்தியோகம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கிழட்டுக் காரை, மூன்று வருடத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்திருந்தார். ராயபுரத்தில் அவர் தெருவில் வேறு கார் கிடையாது. குடியிருந்தது வாடகை வீடு; கூரை ஒழுகும். ஆனால் வாசலில் கார் நிற்கும். 'காரு வூட்டுக்காரர்' என்று தெரு கூப்பிட ஆரம்பித்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைவிட அது அவருக்கு இனித்தது.

செசிலிக்கு வயது இருபத்தாறு. முதலில் வந்த இடம் காரையே சீராகக் கேட்டது. இரண்டாவது இடம் காரில் வந்து, காரில் போய், கடுதாசி போடுகிறோம் என்றது, போடவில்லை. வழி முழுக்கக் கார் இருமிக்கொண்டே வந்ததுதான் காரணம் என்று இக்னேஷியஸ் முடிவு கட்டினார். மூன்றாவது இடமும் தவறினால் அப்புறம் இரண்டாந்தாரம்தான் வரும் என்று மனைவி அடைக்கலமேரி சொல்லிவிட்டாள். உடனே மச்சானைக் கூப்பிட்டார்.

சவரிநாதன் கப்பல் இஞ்சின் ஃபிட்டர். பானெட்டைத் திறந்து ஒரு பீடி நேரம் பார்த்தார். "இஞ்சினுக்கு மூச்சு பத்தல மச்சான். தன் சூட்டுக் காத்தையே தானே குடிச்சிகினு கீது. மூக்கு வெச்சா சரியாப் பூடும்" என்றார்.

உடைக்க வந்த கப்பல் ஒன்றிலிருந்து, கழுத்து வளைந்த பித்தளைக் காற்றுக் குழாய் வந்து சேர்ந்தது. ஒரு முனை இஞ்சினுக்குள். மறு முனை பம்பருக்கு அடியில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், ரோட்டைப் பார்த்தபடி.

"இன்னாத்துக்கு கீழ பாக்குது?"

"மேல பாத்தா மழை பூந்துடும். கப்பல்ல எல்லாக் காத்துக் குழாயும் தலைய கவுத்துகினுதான் நிக்கும். தண்ணி எப்பவும் மேலேர்ந்துதான் வரும்."

"கீழேர்ந்து வந்தா?"

"கீழேர்ந்து தண்ணி வந்தா அது கப்பலே இல்ல, மச்சான்."

தண்ணீருக்கு மேலே போகிற வண்டிகளை மட்டுமே முப்பது வருடம் பழுது பார்த்தவர் அவர். ஆனாலும் இருமல் நின்றது என்னவோ நிஜம். ஒரு வாரம் கார் பாதிரியாரின் குரல் மாதிரிக் கனமாகப் பேசியது. அந்த வாரத்தில் மழை இல்லை.

இப்போது அந்த மூக்கு, தண்ணீருக்கு அடியில் முழுகிக் கிடந்தது.

இக்னேஷியஸ் ஸ்டார்ட்டரை இழுத்தார். உள்ளே ஒரு 'டக்'. அவ்வளவுதான். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் ஹேண்டில் போட்டார். ஹேண்டில் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. சவரிநாதனும் சேர்ந்து தொங்கினார். அசையவில்லை.

தேவப்பிரியமும் இறங்கி வந்தான். குனிந்து, குழாய் முழுகிக் கிடந்த இடத்தைப் பார்த்தான். ஹேண்டிலை ஒரு விரலால் தொட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"தேவம், இங்க வா. என் கையப் புடி, எறங்கணும்" என்றாள் சிலுவையம்மாள்.

அவன் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகும் விடவில்லை.

"நீங்க ஏம்மா எறங்கினீங்க? அது இப்ப கிளம்பிடும். வெள்ளக்காரன் ஓட்டின வண்டி. ஊட்டி மலையெல்லாம் ஏறினது" என்றார் இக்னேஷியஸ். கொத்தவால்சாவடிச் சந்தையில் ஒரு கணக்கு உண்டு: விற்கிறவன் வாய் ஓயாமல் பேசினால் மூட்டையின் அடியில் சொத்தை. இக்னேஷியஸ் நிறுத்தவே இல்லை.

"மூக்குல குப்பை அடைச்சிகிச்சு" என்று சவரிநாதன் தண்ணீரில் மண்டி போட்டார். தலையை முழுக்கி, குழாயின் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். உள்ளே போன காற்று, பள்ளத்துத் தண்ணீரையும் ஒரு வாழைப்பழத் தோலையும் கூட்டிக்கொண்டு அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

ஓரத்துப் பெட்டிக்கடையில் ஒதுங்கி நின்ற ஒருவன், "இன்னா நைனா, காருக்கு முத்தம் குடுக்கிறியா?" என்றான். இன்னொருவன், "சொம்மா இரு மாமு, பொண்டாட்டி பாத்துடப் போவுது" என்றான்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இது வேண்டும்தான் என்று இக்னேஷியஸ் நினைத்துக்கொண்டார். "தள்ளினா கிளம்பிடும்" என்றார்.

பெட்டிக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ரெண்டாவது கியரில் போட்டுத் தள்ளினார்கள். சக்கரம் சுழலவில்லை; சேற்றில் வழுக்கிக்கொண்டு பள்ளத்தின் நடுவுக்கே போயிற்று. தண்ணீர் கதவு வழியாக வந்து, பின்சீட்டில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டது. தேவப்பிரியம் மறுபடியும், "வந்து, அதுல..." என்று ஆரம்பித்தான்.

"பெரியவங்க பேசறப்ப இன்னாடா" என்றாள் தாய்.

அப்போதுதான் ஆச்சரியம் நடந்தது. அதுவரை மகனிடம் தவிர யாரிடமும் அரை வார்த்தை பேசாத சிலுவையம்மாள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்று, உப்பு ஏற்றி வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, நல்ல காரியத்துக்குப் போறோம். கொஞ்சம் இழுத்து வுடுங்க. மெதுவா வாணாம், வேகமாவே இழுங்க."

இக்னேஷியஸின் கண் கலங்கியது. நல்ல இடம், நம் கஷ்டத்தில் இப்போதே கை கொடுக்கிறார்கள் என்று மச்சானின் காதில் சொன்னார்.

கயிறு கட்டினார்கள். லாரி உறுமியது. இரண்டாவது கியரிலேயே கிடந்த கார் முதலில் முரண்டு பிடித்தது. மேடேறி, கெட்டி ரோடு வந்ததும் டயர் பிடித்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே, வாய்க்குள் பல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். இஞ்சினின் விலாவைப் பெயர்த்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு ரோட்டில் விழுந்தது. பின்னாலேயே கறுப்பு எண்ணெய் இறங்கி, மழைத் தண்ணீரில் வர்ண வர்ணமாகப் பரவியது.

சவரிநாதன் துண்டைக் குனிந்து எடுத்தார். "கப்பல்ல இது இப்பிடி ஆனதே கிடையாது" என்றார்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, நாலு பேரும் இரண்டு கை ரிக்‌ஷாவில் ராயபுரம் வந்தார்கள். செசிலி வாசலுக்கு வந்து, எல்லோர் காலிலும் இருந்த சேற்றைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வாளியும் சொம்பும் கொண்டுவந்தாள். சிலுவையம்மாளின் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"இங்க குழாயில எத்தினி மணிக்கும்மா தண்ணி வருது?"

"நாலுக்கு. நான்தான் எழுந்து புடிப்பேன். கியூவுல எங்க கொடம் மூணாவது."

பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு பேசின் வாங்கிக்கொண்டிருந்தது. இக்னேஷியஸுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை. மூன்று வருடம் வாசலில் நின்று அவருக்காகப் பேசியது இப்போது டோல்கேட்டில் கிடந்தது. காரை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தார். மூட்டை எண்ணுகிற வேலை, ஒழுகுகிற வீடு, ஒரு நல்ல பெண். இவ்வளவு நாளும் மூன்றாவதை முதலில் சொல்லத் தோன்றவில்லையே என்றிருந்தது.

"அம்மா, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மெல்ல. "காரு ஏலத்துல வந்தது. பெட்ரோல் போட்டா அன்னிக்கு வூட்ல மீன் கிடையாது. நாங்க அவ்ளோதான். உங்களுக்குப் புடிக்கலன்னா தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அடைக்கலமேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

இக்னேஷியஸ் பையன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க லாரி ஷெட்டுல கீறீங்க. உங்களுக்காவது தெரியலியா?"

தேவப்பிரியம் தலையைக் குனிந்துகொண்டான். "இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்துடுச்சுங்க. நாலு பிளக்கையும் கழட்டிட்டு ஹேண்டில் சுத்தியிருந்தா, அத்தினி தண்ணியும் வெளிய வந்திருக்கும். கால் மணி நேர வேல."

சவரிநாதன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி?"

பையன் வாயைத் திறப்பதற்குள், சிலுவையம்மாள், அடைக்கலமேரி எடுத்து வைத்திருந்த வெற்றிலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"அவன் சொல்லத்தான் வந்தான், நான்தான் கையப் புடிச்சு அடக்கினேன், காரு வச்ச வூட்ல பொண்ணு எடுக்கிற தகுதி நமக்கு இல்லன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் இன்னிக்குப் பொறப்பட்டேன், இப்பதான் காரு இல்லியே, பொண்ணக் கேக்கலாம் இல்ல, சம்மந்தி?"