குழிக்கு ஒரு புரவலர்

'பணம் ஒரு விஷயமே இல்லை' என்று சொல்லும் மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். அவருக்கு அது ஒரு விஷயம், அதனால்தான் அவர் பணக்காரர். இவர் வேறு இனம். கக்கத்தில் சுருட்டிய வரைபடம் இருக்கும், சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா இருக்கும், பர்ஸ் மட்டும் வீட்டில் இருக்கும்.

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே கரிசல் காட்டில் முளைத்த ஒரு பல்கலைக்கழகத்தில், வளாக வளர்ச்சிக் குழுத் தலைவர் பேராசிரியர் சண்முகராஜ் இந்த இனத்தில் முதல்தரம். கருத்தரங்குக்காகப் பெங்களூர் போனவர், விடுதி ஜன்னல் வழியாக ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவு போதாதா? ஊர் திரும்பிய மறுவாரமே, கோடையில் பாளம் பாளமாக வெடித்துப் பந்தென்ன ஆட்டுக்குட்டியையே விழுங்கப் பார்க்கும் பதினைந்து ஏக்கர் கரிசல், வரைபடத்தில் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. பந்து விழ ஒன்பது குழி, ஒரு குளம், கரையில் இரண்டு கொக்கு. கொக்குகளை வரைந்தபோது அவருக்கு மனசு கொள்ளாத சந்தோஷம்.

"தண்ணிக்கு என்ன சார் செய்யுதீங்க?" என்று குழுக் கூட்டத்தில் கேட்டார் பெண்கள் விடுதி வார்டன் இசக்கிச்செல்வி. அவர் விடுதியில் இருநூறு பெண்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளியல். வரைபடத்தில் புல்லுக்குத் தண்ணீர் என்று குறித்திருந்தது அவர்களுடைய ஒரே போர்க்கிணற்றை. விடுதிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கேட்டு அவர் எழுதிய மூன்று கடிதங்களும் 'நிதி இல்லை' என்று, புல் வரைந்த அதே பச்சைப் பேனாவால் எழுதப்பட்டுத் திரும்பியிருந்தன.

"பணம் ஒரு விஷயமே இல்ல மேடம். குழிக்கு ஒரு புரவலர். மூணு லட்சம் குடுத்தா அவிய பேரு கல்லுல இருக்கும்."

கேட்டது தண்ணீர், பதில் பணம். குழு கைதட்டியது.

வார்டனையும் அழைத்துக்கொண்டு சண்முகராஜ் வசூலுக்குக் கிளம்பினார். தீப்பெட்டி ஆலை மாரிச்சாமி வீட்டில், "உங்க அம்மா பேருல ஒரு குழி அண்ணாச்சி" என்று இவர் ஆரம்பித்ததுமே அந்த அம்மாளே உள்ளேயிருந்து எழுந்து வந்து, "எனக்கு அளவெடுக்கவா வந்திருக்கீய?" என்று கேட்டார். அடுத்தது பருத்தி வியாபாரி செய்யது அலி.

"உங்க அத்தா பேருல முதக் குழி, பாய்."

செய்யது அலி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அத்தாவுக்குக் குழி வெட்டிப் பதினோரு வருசமாச்சு சார். அவுகளுக்கு அந்த ஒண்ணு போதும்."

"இது விளையாட்டுக் குழி பாய்."

"குழியில என்ன சார் விளையாட்டு?"

இசக்கிச்செல்வி மெல்லச் சொன்னார்: "முதக் குழிக்கு உங்க பேரையே போட்டு ஆரம்பிச்சிருங்களேன் சார்."

சண்முகராஜுக்குக் குப்பென்று வியர்த்தது. குழிக்கு வியர்த்ததா, மூன்று லட்சத்துக்கா என்பது அவருக்கே தெரியாது. "இப்பக் கொஞ்சம் கையைக் கடிக்குது மேடம்."

"அப்ப எங்க பிள்ளைகளுக்கு ஒரு தண்ணித் தொட்டி வேணும் பாய்," என்றார் இசக்கிச்செல்வி, விடாமல்.

"அதைச் சொல்லுங்கம்மா. அத்தா பேர உசரத்துல எழுதிருவோம்."

மூன்றே மாதத்தில் தொட்டி எழுந்தது, போர்க்கிணறும் புல்லிடமிருந்து தப்பியது. விடுதிக் குழாய்கள் ஒரே நேரத்தில் சலசலத்தபோது இசக்கிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. சண்முகராஜ் வருந்தினாரா? திறப்பு விழாவில் தொட்டியை அண்ணாந்து பார்த்தவர், அதன் தலைமேல் ஒரு சுழலும் ஓட்டல் கட்டினால் பாஞ்சாலங்குறிச்சி வரை தெரியும் என்றார். பணம் ஒரு விஷயமே இல்லையாம்.

அந்த வார்த்தை காதில் விழுந்தால் உடனே பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அது உங்கள் வாயிலிருந்தே வந்திருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பை பத்திரமாகத்தான் இருக்கும். அதில் கைவைக்கிற எண்ணம் யாருக்கும் கிடையாது, உங்களையும் சேர்த்து.