தும்மல் பாய் வாயைத் திறக்காத நாள்

யாராவது தும்மினால் ஓடுகிற மிளகாய் மெஷினை நிறுத்துகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் என் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் வந்து வாய்த்தார் என்றால் என் நஸீபை, என் தலைவிதியை, என்னவென்று சொல்வது!

உத்தமபாளையம் பஜாரில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். செல்போன் கைக்குக் கை வராத காலம். எனக்கும் பக்கத்து அரவை மில்லுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். மில் முதலாளி அண்ணாச்சி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மெஷின் ஓட்டியவர்தான் நான் சொல்ல வந்த ஆள். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் எங்கள் பள்ளிவாசலுக்கு வந்து கலிமா சொல்லி முஸ்லிமானார். ஏன் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கடை சாத்துகிற வரை சொல்வார். அழகான அரபிப் பெயர் ஒன்று வைத்தோம். அந்தப் பெயரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவர் தும்மல் பாய்.

நான் பரம்பரை ராவுத்தர். எங்கள் வீடுகளில் அரபி வார்த்தைகள் உப்பு, புளி மாதிரிப் புழங்கும். யாரும் எடுத்து உற்றுப் பார்ப்பதில்லை. இவருக்கு அப்படியில்லை. ஒவ்வொரு வார்த்தையும் பெருநாளைக்கு எடுத்த புதுச் சட்டை. போட்டுக்கொண்டு தெருவில் நாலு பேரிடம் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காட்டிவிட்டு, துணி எங்கே எடுத்தது, தையல்கூலி எவ்வளவு என்கிற மாதிரி அர்த்தமும் சொல்லுவார்.

பள்ளிவாசல் இமாமை நாங்கள் அசரத் என்போம். அந்த நல்ல மனிதர் ஒரு நாள் பேச்சுவாக்கில் தும்மல் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்ல வேண்டும். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று அர்த்தம். அதைக் கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ சொல்ல வேண்டும். அல்லாஹ் உங்களுக்குக் கருணை காட்டட்டும் என்று அர்த்தம். உடனே தும்மியவர் ‘யஹ்தீகுமுல்லாஹ்’, அதாவது அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும் என்று திருப்பி வாழ்த்த வேண்டும். வேறு எங்காவது வேலை பார்க்கிற ஆளுக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. மிளகாய் மில்லில் வேலை பார்க்கிறவருக்குச் சொன்னால் என்ன ஆகும்?

காலையில் மில் திறந்ததும் வறுத்த மிளகாயும் மல்லியுமாகச் சனம் வந்து நிற்கும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் வரிசையில் முதல் ஆள் தும்முவார். பெல்ட் சத்தத்தில் அவர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாரா இல்லையா என்று கேட்காது. தும்மல் பாய் சுவிட்சை அணைப்பார். “சொன்னீகளா?” என்று விசாரிப்பார். சொன்னேன் என்றால் இவர் பங்கைச் சொல்லிவிட்டு, அவர் பங்கைச் சொல்லும்வரை காத்திருந்து, மறுபடி மெஷினைப் போடுவார். அதற்குள் இரண்டாவது ஆள் தும்முவார்.

இந்து வாடிக்கைக்காரர்களுக்குத் தமிழிலேயே வாழ்த்து. அனுமந்தன்பட்டிப் பெண் ஒருத்திக்கு “அல்லா ஒங்களுக்குக் கருணை காட்டி, நல்ல வழியும் காட்டட்டும்மா” என்றார். அந்தம்மா, “வழியெல்லாம் எனக்குத் தெரியும் பாயி, மொதல்ல மெஷினப் போடுங்க, பஸ்ஸு போயிரும்” என்றது. அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டால் மோட்டார் காயில் கருகிவிடும் என்று அவர் அசரத்திடமே போய் முறையிட்டார். ஒரே ஆள் மூன்று தடவைக்கு மேல் தும்மினால் அது ஜலதோஷம், அதற்குப் பிறகு சுகமாகட்டும் என்று வாழ்த்தினால் போதும் என்று அசரத் சட்டத்தைத் தளர்த்தினார். மில்லில் யார் மூன்றோடு நிறுத்துகிறார்கள்? அன்றிலிருந்து தும்மல் பாய் அத்தனை பேரையும் நோயாளி லிஸ்டில் சேர்த்து, சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். காப்பிக்காகவே ஆட்கள் நாலாவது தும்மல் தும்மினார்கள்.

என் பூத் பாடு தனி. சவுதியில் இருக்கும் புருஷனிடம் பேச வந்த பெண் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். மிளகாய்க் காற்றுக்குக் கதவு ஏது? தும்மித் தும்மிக் குரல் கம்மிவிடும். அந்தப் பக்கம் புருஷன், பெண்டாட்டி அழுகிறாள் என்று நினைத்துத் தானும் அழுவான். நடுவில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து “யர்ஹமுகல்லாஹ்” என்று கணீரென்று ஓர் ஆண் குரல் கேட்கும். அழுகை நின்று விசாரணை ஆரம்பமாகும். அப்படி ஒருத்தன் கேட்ட கேள்விகளுக்கு நான் ரிசீவரை வாங்கிப் பள்ளிவாசல் சாட்சியாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அவனே, போன் போடும்போதெல்லாம் பாய் இருக்காகளா, ஒரு தும்மல் தும்மட்டுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். கரண்ட் போன அன்று நடந்ததுதான் பெரிய கூத்து. இழப்பு எது வந்தாலும், சின்னதானாலும், ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ சொல்லலாம், நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்று அதற்கு அர்த்தம் என எங்கேயோ படித்துவிட்டார். சரியான விஷயம்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்த வாசகத்தைப் பள்ளிவாசல் மைக்கில் சாவு சொல்லும் மவுத்து அறிவிப்பாகத்தான் கேட்டுப் பழக்கம். பாதி மிளகாய் அரைபடும்போது கரண்ட் போனது. இவர் மில் வாசலில் நின்று, தொண்டை கிழிய அதைச் சொன்னார். எதிர் ஜவுளிக்கடை ராவுத்தர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தொப்பியோடு ஓடி வந்தார். பின்னாலேயே பஜார் முழுக்க வந்தது. யார் மவுத்து, எப்போது அடக்கம் என்று ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். தும்மல் பாய் அமைதியாக, “கரண்டு போயிருச்சு பாய்” என்றார். ஜவுளிக்கடைக்காரர் அவர்மேல் பாயாமல் பிடித்துக்கொண்டது நானும் அண்ணாச்சியும்தான்.

ஆனாலும் அவரை யாராலும் வெறுக்க முடியவில்லை. இன்ஷா அல்லாஹ் என்றால் அல்லாஹ் நாடினால் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நான் அதைச் சொன்னால், குழாய் ரிப்பேர் இந்த வருஷம் நடக்காது என்று என் மனைவிக்குப் புரிந்துவிடும். இவர் “இன்ஷா அல்லாஹ் நாலு மணிக்குப் பொடி ரெடி” என்றால் நாலு மணிக்குப் பொடி ரெடி. அண்ணாச்சியே வாடிக்கைக்காரர்களிடம், பாயி இன்ஷா அல்லான்னு சொல்லிட்டாருல்ல, நிம்மதியாப் போயிட்டு வாங்க என்பார். என் பக்கம் திரும்பி, நீங்க சொன்னா அது வேற என்று சேர்த்துக்கொள்வார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு குறை இருந்தது. அப்பா அம்மா இல்லாதவர். ஓடைப்பட்டியில் ஒரே தங்கச்சி. இவர் மார்க்கம் மாறியதிலிருந்து அந்தப் பெண் பேசுவதில்லை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது வேறு யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரியும். குழந்தைக்குக் காதுகுத்து வருகிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் இவர் ஒருத்தர்தான். கூப்பிடுவாளா, இல்லை ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்காரவைத்துவிடுவாளா என்ற கவலையில் அவர் தும்மல்களையே கோட்டைவிட ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் என் பூத்துக்கு அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. பலகையைத் தட்டினேன். மிளகாய்ப் பொடி அப்பிய முகத்தோடு ஓடி வந்தவர், கையெல்லாம் பொடி என்று ரிசீவரை என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதனால் அவள் பேசியது எனக்கும் கேட்டது.

“வந்து பிள்ளைய மடியில வச்சுக்க. கோயில்ல வைக்கல, வீட்டுலதான் வச்சிருக்கு. ஆனா ஒண்ணு. எங்க மாமியா சனம் பூராம் வந்திருக்கும். அங்கன வந்து ஒன் அரபி ஒரு வார்த்த வரக் கூடாது. வந்துச்சு, எனக்கு அண்ணனே கெடையாது.”

இவர் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சரி என்று சொன்னேன்.

அதன் பிறகு பஜாரே அவருக்குப் பயிற்சி கொடுத்தது. மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும், அல்லாஹ்வுக்குக் கேட்கும் என்று அசரத் தைரியம் சொன்னார். வேண்டுமென்றே பக்கத்தில் போய்த் தும்மினோம். ஜவுளிக்கடை ராவுத்தர் மூக்கில் திரி விட்டுத் தும்மினார். அண்ணாச்சி மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். தும்மல் பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்று எல்லாவற்றிலும் பாஸானார்.

காதுகுத்து அன்று அண்ணாச்சியின் வேனில் மூவரும் போனோம். புதுத் துணி, வளையல், தோடு, பழத்தட்டுகளோடு சீரில் இன்னொன்றும் இருந்தது. தாய்மாமன் சீரில் தன் கையால் செய்தது ஏதாவது இருக்க வேண்டும் என்று, நல்ல மிளகாயாகப் பொறுக்கி அவரே அரைத்த பொடியை ஒரு எவர்சில்வர் அண்டா நிறையக் கொண்டுவந்திருந்தார். வாயில் துணி கட்டியிருந்தது. சீர் பார்க்க வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? நிறத்தைப் பார்க்கத் துணியை அவிழ்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு வேர்க்கிறதே என்று எந்தப் புண்ணியவானோ பெரிய ஸ்டாண்டு ஃபேனைப் போட்டான்.

பந்தல் செக்கச் செவேலென்று ஆனது. மேளக்காரர் முதலில் தும்மினார். பிறகு சமையல்காரர், பங்காளிகள், அண்ணாச்சி, நான். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாதே என்று ஒரு கிழவர் பதறினார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டிருந்த ஆசாரி, இது ஒத்தத் தும்மலா, எண்ணிப் பாருங்க என்றார்.

நடுவில் தும்மல் பாய் மட்டும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பந்தல் நிறையத் தும்மல், ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடியாது. முகம் மிளகாயை விடச் சிவந்துவிட்டது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. அப்போது மடியிலிருந்த குழந்தை தும்மியது. சம்பந்தியம்மா, அதாவது தங்கச்சியின் மாமியார், கையோடு ‘நூறு’ என்றார். குழந்தை தும்மினால் நூறு வயசு என்று வாழ்த்துவது அவர்கள் வழக்கம். அது மறுபடி தும்மியது. ‘எரநூறு’ என்றார். எல்லோரும் தாய்மாமன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“என்னம்மா ஒங்கண்ணன் இப்பிடிக் கல்லு மாதிரி இருக்காக?” என்றார் மாமியார். “பிள்ள தும்முது, தாய்மாமன் ஒரு வார்த்த வாழ்த்தக் கூடாதா? மதம் மாறுனா பிள்ள மேல பாசமும் போயிருமா?”

யாருக்குப் பயந்து அந்தப் பெண் அவர் வாயைக் கட்டினாளோ, அந்த மாமியாரே இப்போது ஏன் பேசவில்லை என்கிறார். பேசினால் தங்கச்சி போனாள். பேசாவிட்டால் மடியில் இருக்கும் பிள்ளை போகும். அவர் தங்கச்சியைப் பார்த்தார். பொடி எரிச்சலோ வேறு எதுவோ, அவள் கண் நிறைந்திருந்தது.

“சொல்லுண்ணே,” என்றாள். “நீ எப்பவும் சொல்றதச் சொல்லு.”

அவர் குழந்தையின் தலையில் கைவைத்து “யர்ஹமுகில்லாஹ்” என்றார். பெண் பிள்ளைக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும், அசரத்திடம் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எங்களுக்கு அந்த நேரத்திலும் விளக்கம் கொடுத்தார். அப்படின்னா என்ன என்றார் மாமியார். அல்லா இந்தப் பிள்ளைக்குக் கருணை காட்டட்டும்னு அர்த்தம்மா என்றார் இவர். அந்தம்மா கொஞ்சம் யோசித்தார்.

“நாங்க நூறு எரநூறுன்னு எண்ணிக் கேக்குறோம். இவுக எண்ணாம மொத்தமாக் கேக்குறாக. கேக்கட்டும், நல்லதுதான்.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. குழந்தையை இறக்காமலே பந்தலில் தும்மிய அத்தனை பேரையும் தேடித் தேடிப் பாக்கியைத் தீர்த்தார். மேளக்காரருக்கு, சமையல்காரருக்கு, அடுத்த தெருவிலிருந்து வந்து தும்மியவர்களுக்கு எல்லாம். ஆசாரிக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சாமர்த்தியமாக இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார்.

பந்தியில் நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். கறிச் சாப்பாடு. தும்மல் பாயும் நானும் ரசத்தோடு முடித்துக்கொள்வது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். அல்லாஹ் பெயர் சொல்லி அறுக்காத கறி எங்களுக்கு ஆகாது. அறுத்தது யாரோ, கேட்டால் தங்கச்சி மனசு நோகும் என்று அவருக்குப் பயம். கறி வாளியோடு தங்கச்சியே வந்தாள். இவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று இழுத்தார்.

“கைய எடுண்ணே. விடியக்காலமே எங்க வீட்டுக்காரரு உத்தமபாளையம் போயி ஒங்க அசரத்தக் கூட்டியாந்தாக. பிஸ்மில்லா சொல்லி அறுத்த ஆடுதான். என் வீட்டுக்கு வந்து நீ ரசத்த ஊத்தித் தின்னுட்டுப் போனா நான் தாங்குவனா?”

வாளியை அவள் சாய்த்தாள். அவர் கையை எடுக்கவே இல்லை. புறங்கையிலேயே சுடச்சுடக் கறி விழுந்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு வாழ்த்தை வாயில் வைத்திருக்கும் மனிதர் ஒரு வார்த்தை வராமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து நகர்த்தித் துடைத்துவிட்டேன். இந்த ஆளை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.