மடியாகிப்போன ஏரியல்

மட்டாஞ்சேரி,
கர்க்கடக மழையில் ஒரு புதன்கிழமை.

சௌபாக்யவதி விஷ்ணுப்ரியாவுக்கு, உன் அனந்து மாமா நின்ற கோலத்தில் எழுதும் அநேக ஆசீர்வாதம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவின்றி இருக்க எர்ணாகுளத்தப்பனை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று பெருமாளுக்கு வாய்த்த மூன்று வசதிகளில் எனக்கு இப்போது முதலாவது மட்டுமே மிச்சம். காரணம் பின்னால் வருகிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், வாட்ஸ்ஆப்பில் மலையாளத்தில் அனுப்பியிருந்தால் உனக்குச் சுலபம் என்பதும் தெரியும். ஆனால் உன் அம்மா, அதாவது என் அக்கா காமாக்ஷி, என் போனை எடுத்துப் படிப்பாள். அவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே தமிழ். ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். வில்லிங்டன் தீவில் கப்பல் ஏஜென்சி ஆபீசில் நான் தலை நரைத்தது உனக்குத் தெரியும். அந்த ஆபீஸ் மொட்டைமாடியில் ஓர் ஏரியல் நின்றது. டிஸ்கோன் என்று பெயர். ஸ்கேனர் என்றொரு ரேடியோப் பெட்டி உண்டு, கல்யாண வீட்டில் வம்பு தேடும் மாமி மாதிரி ஒவ்வோர் அலைவரிசையிலும் தலையை நீட்டி யாராவது பேசுகிறார்களா என்று பார்த்து அடுத்ததற்குப் போகும். அதற்கு ஏற்ற ஏரியல் இது. துணி போன குடை மாதிரி இருக்கும். மேலே தட்டாகப் படுத்த கம்பிகள், கீழே பாவாடையாகச் சரிந்த கம்பிகள். மீன்முள் மாதிரி இருக்கும் யாகி ஏரியல் ஒரே திசையைப் பார்த்துத் தவம் கிடக்கும். டிஸ்கோன் அப்படியில்லை, எட்டுத் திக்கும் அதற்கு ஒன்று. எல்லாரும் சொல்வதையும் கேட்கும், யாருக்கும் பதில் சொல்லாது. நம் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் பாதி வழக்குகள் கோர்ட்டுக்கே போயிருக்காது.

பழைய டிஸ்கோனை அடையாளம் காண்பது நாடி பார்ப்பது மாதிரி. மேல் கம்பிகளும் கீழ்க் கம்பிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நடுவில் வெள்ளைப் பீங்கானோ பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே கேபிள் செருகும் வாய் வேண்டும். செய்தவன் பேர் பொறித்த தகடு இருந்தால் அது ஜாதகம். இதையெல்லாம் இந்தக் கொச்சி ராஜ்ஜியத்திலேயே, ஏன், விந்திய மலைக்குத் தெற்கே, என்னளவுக்கு அறிந்தவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேறு ஆளும் இல்லை.

போன மாதம் பழஞ்சாமான் கடை சேவியரிடம் சும்மா எட்டிப் பார்த்தேன். உடைந்த வள்ளத்துக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூடு. டிஸ்கோனேதான்! வள்ளத்தைத் தாண்டிப் போய் அதைக் கையில் எடுத்தேன். சேவியர் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "சாரே, இது டச்சுக்கார கவர்னரோட குடயாணு. துணி போயி, எலும்பு மாத்ரம் பாக்கி" என்றான். பாவம், அறியாத ஜீவன். குடையென்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கு மாற்றாக என் மாமனார் கொடுத்த கை நீண்ட சாய்வு நாற்காலியைக் கொடுத்துக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இருந்த கோலமும் கிடந்த கோலமும் போனது அப்படித்தான். உன் மாமி வாசலிலேயே கேட்டாள், "ஸ்கேனர் எங்கே?" ஸ்கேனர் வைத்துக்கொள்ள சர்க்கார் அனுமதி வேண்டும், ஏரியலை ரசிக்க யார் அனுமதியும் வேண்டாம் என்று விளக்கினேன். "ஆனையே இல்லாத ஆத்துல அங்குசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்று ராத்திரி எனக்குக் கஞ்சிதான் போட்டாள்.

கம்பியில் சில சந்தேகங்கள் இருந்தன, மறைக்கவில்லை. பீங்கான் இல்லை, ஏதோ கப்பல்காரன் உடைத்திருப்பான். கேபிள் வாய் இல்லை, உப்புக்காற்று தின்றிருக்கும். ஒவ்வொரு கம்பி நுனியிலும் பொடியாக ஒரு துளை. காற்றடித்தால் விசில் சத்தம் வராமலிருக்க அந்தக் காலத்துக் கைவினைஞன் செய்த நுட்பம் என்று உடனே கண்டுகொண்டேன். கழுத்தில் தகடு ஒன்று பாசி மூடிக் கிடந்தது. பொறுமையில்லாமல் மொட்டைமாடியில் கம்பியைப் பைப்பில் நிறுத்திவிட்டு, தகட்டின் மேல் எண்ணெய்த் துணியைச் சுற்றி ஊறவிட்டேன். எர்ணாகுளம் பிராட்வேயில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சந்தீப் பழைய ஏரியல்களைச் சேர்ப்பவன். அவனிடம் சொன்னேன். கர்க்கடகக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், அசல்தான் என்றால் கடைக் கண்ணாடி அலமாரியில் "அடையாளம் கண்டவர்: அனந்தநாராயணன்" என்று அட்டை எழுதி வைக்கிறேன் என்றான். ஆயுசு முழுக்க அடுத்தவன் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் குத்தினவனுக்கு ஓர் அட்டை, விஷ்ணு. அதற்குமேல் எனக்கு இந்த ஜன்மத்தில் ஒன்றும் வேண்டாம்.

அப்போதுதான் திருப்பூணித்துறையில் உன் வீட்டுத் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்க ஆரம்பித்தார்கள். உன் அம்மா பெட்டியோடும், மடிப் புடவையைக் கை படாமல் கொடியில் போடும் மடிக்கோலோடும் இங்கே வந்திறங்கினாள். விடிகாலை குளித்துவிட்டு ஒன்பது கஜத்தை நனைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கீழே வந்தபோது அவள் முகத்தில் நான் என் உபநயனத்துக்குப் பிறகு பார்க்காத ஒரு கனிவு.

"ஏண்டா அனந்தூ, நேக்காகவா மடிக்கொடி கட்டி வெச்சிருக்கே? உசரமா, ஒருத்தர் கையும் படாம. நன்னா இருப்பே போ."

நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா என்னை நன்றாக இரு என்று சொல்லி எத்தனை யுகம் ஆகிறது என்று யோசித்தேன். மூடிக்கொண்டேன். அந்த ஒரு கணத்தின் பலவீனத்தில் டிஸ்கோன் மடியாகிவிட்டது. அன்று முதல் அதை நான் தொடக்கூடாது, நிழல் படக்கூடாது, உரக்க நினைக்கவும் கூடாது. மழையில் புடவை காய்வதுமில்லை. பகல் முழுக்க அங்கேயே தொங்குகிறது. சந்தீப்புக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "நல்ல கைத்தறி, சாரே" என்று பதில் போட்டான்.

தகட்டை மட்டுமாவது படித்துவிடலாம் என்று, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈர வேஷ்டியோடு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் உன் அம்மா மறித்தாள். "மூக்குக் கண்ணாடி மடியா? நேத்து அதைப் போட்டுண்டுதானே மீன் மார்க்கெட் வழியா வந்தே?" கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். கண்ணாடியில்லாமல் எனக்கு வல்லார்பாடத்துக் கிரேனும் வாழைமரமும் ஒன்றுதான். கொட்டுகிற மழையில், புடவைக்கு அடியில், எண்ணெய்த் துணியை விலக்கி விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்து இருந்தது. சுழித்துச் சுழித்து, கொம்பும் கொக்கியுமாக, ஜிலேபி பிழிந்த மாதிரி. நம் தேசத்து எழுத்தே இல்லை. ஜெர்மனியோ, அதற்கும் வடக்கே பனி பெய்கிற ஏதோ ராஜ்ஜியமோ, பழைய அலங்கார லிபி என்று நிச்சயமாயிற்று. உடம்பு சிலிர்த்தது, அது ஜலதோஷம் என்று அப்புறம் தெரிந்தது. அன்றிலிருந்து தும்மல். தும்முகிறவன் படுக்க வேண்டும். படுக்க நாற்காலி இல்லை. கட்டிலில் உன் அம்மாவின் மடி வடாம் காய்கிறது. நின்றுகொண்டே தும்முகிறேன்.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு பிரார்த்தனை. உன் அம்மா உலகத்தில் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள், நீ சொன்னால் பத்தில் ஒரு தரம் கேட்பாள். சந்தீப் வருகிற அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், ஒரே நாள், புடவையை உள்ளே உலர்த்தச் சொல்லு. காரணம் கேட்டால் மாமாவுக்கு உயிர் போகிற விஷயம் என்று மட்டும் சொல்லு. ஏரியல் என்ற பேச்சை எடுக்காதே. தனக்காகக் கட்டிய கொடி இல்லை என்று தெரிந்தால் "நன்னா இரு" என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடுவாள். அந்த ஆசீர்வாதமும் வேண்டியிருக்கிறது, அட்டையும் வேண்டியிருக்கிறது. பேராசைதான்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. குழந்தைக்கு முத்தம். உங்கள் வீட்டில் சாய்வு நாற்காலி இருந்தால் என் பேரைச் சொல்லி ஒரு நாழிகை அதில் சாய்ந்து கொடு.

இப்படிக்கு,
கால் கடுக்க நிற்கும்
அனந்து மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன்னால் இது. உன் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டாம். இன்று காலை புடவையை மாற்றிப் போடும்போது, நான் விலக்கிவிட்டு வந்த தகட்டை உன் அம்மா பார்த்திருக்கிறாள். மாடியிலிருந்தபடியே உரக்கப் படித்தாள். ஜெர்மன் இல்லை, மலையாளம். "துணி உணக்கான் உள்ள ஸ்டாண்ட், ஆலுவா." துணி உலர்த்தும் ஸ்டாண்ட்; அந்தத் துளைகள் கயிறு கோக்க. மேலே நான் ஏரியல் என்று எழுதிய இடத்திலெல்லாம் கொடி என்று திருத்திப் படித்துக்கொள். சந்தீப்பை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவுக்கும் இப்போது அது வேண்டாமாம். "என்னவோ கம்பின்னு நெனச்சேன். இது ஊரார் துணி காயப்போட்டதுன்னா? யார் யாரோட நிக்கரெல்லாம் தொங்கித்தோ" என்று புடவையை உருவிக்கொண்டு போய் மறுபடி குளித்தாள். "நன்னா இரு" பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பி முழுக்க எனக்கே வந்துவிட்டது. மாமி என் வேஷ்டியை அதில் போட்டிருக்கிறாள்.

நாற்காலியையாவது திருப்பிக் கேட்கலாம் என்று சேவியர் கடைக்குப் போனேன். வாசலிலேயே கிடந்தது. மேலே "டச்சு கவர்னர் சாய்ந்தது" என்று போர்டு. ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

"அய்யோ சாரே, தொடாதே" என்றான்.