தங்கச்சன் என்னும் நீர்யானை மீட்கப்பட்ட வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்று பாடப்புத்தகங்களில் பெருமை பேசுகிறார்கள். அவையெல்லாம் சில்லறைச் சாதனைகள். ஒருவர் வீட்டுக் குப்பையை இன்னொருவர் 'அரும்பொருள்' என்று தேடிப்பிடித்து, வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் முறையைக் கண்டுபிடித்தானே, அன்றுதான் மனிதன் மனிதனானான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தமிழ், மலையாளம் இரண்டு மொழியிலும் கொட்டாவி விடத் தெரிந்த எங்கள் ஊரில் அந்த நாகரிகம் வந்திறங்கிய வரலாற்றை யாராவது எழுதிவைக்க வேண்டும். முப்பத்தொரு ஆண்டு அரசாங்கக் கோப்புகளில் 'பார்வைக்கு' என்று எழுதியே ஓய்வுபெற்ற என்னைவிடத் தகுதியானவர் இந்தப் பக்கத்தில் இல்லை.

என் பேத்தி அனுமோளுக்கு மூன்றரை வயது. அவளிடம் தங்கச்சன் என்று ஒரு நீர்யானை இருந்தார். துணி நீர்யானை. ஷார்ஜாவிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்த பால்பொடி டப்பாவோடு இலவசமாக வந்தவர். மஞ்சளாகப் பிறந்து, மீன்குழம்பின் நிறத்தில் வளர்ந்தார். வலது கண் இல்லை. கிழிந்த இடது காதை என் மனைவி செல்லபாய் நீல நூலால் தைத்திருந்தாள். தேங்காயெண்ணெய், பவுடர், நெத்தோலிக் குழம்பு மூன்றும் சரிவிகிதத்தில் கலந்த ஒரு மணம் அவருக்கு உண்டு. அனுமோள் சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டை தங்கச்சன் வாய்க்குப் போகும். அவர் தின்றுவிட்டார் என்று அவள் திருப்திப்பட்ட பிறகுதான் தன் வாயைத் திறப்பாள்.

ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை முடிந்து வீடு திரும்பிய மத்தியானம் தங்கச்சனைக் காணவில்லை. அனுமோளின் வாய் மூடிக்கொண்டது. பால் உண்டு, கெஞ்சினால் நாலு வாய்க் கஞ்சி உண்டு, அவ்வளவுதான். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு? பத்தாம் நாள் அங்கன்வாடி எடை மெஷினில் ஒரு கிலோ குறைந்திருந்தது.

உடனடியாகத் 'தங்கச்சன் மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் செல்லபாய். செயலர் மருமகள் லிஷா. தகவல் தொழில்நுட்பப் பிரிவு, மகன் அனூப். தீர்மானங்களைக் குறிப்பெடுப்பது நான். பண்டிகைக்கு ஆலயம் போகும் வழியில் தங்கச்சன் எங்கோ விழுந்திருக்க வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவுசெய்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. குறிப்பெடுப்பவர் கருத்துச் சொல்வது மரபல்ல.

பால்பொடிக்காரர்கள் நீர்யானை கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் அனூப் எங்களுக்கு ஆன்லைன் மறுவிற்பனை உலகத்தின் கதவைத் திறந்துவிட்டான். அடடா, எப்பேர்ப்பட்ட உலகம். அங்கே 'பழையது' என்ற சொல்லே கிடையாது. அழுக்கானதற்கு 'முன்பு நேசிக்கப்பட்டது' என்று பெயர். கிழிந்திருந்தால் 'தனித்தன்மை கொண்டது'. வால் அறுந்திருந்தால் 'அரிய வகை'. நான் அலமாரிக் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எனக்கும் ஒரு எதிர்காலம் இருப்பதாகத் தோன்றியது.

முதல் நீர்யானை ஜெய்ப்பூரிலிருந்து வந்தது. 'புதியது போன்றது' என்று போட்டிருந்தார்கள். உண்மைதான், புதியது போன்றே இருந்தது. நீர்யானை போன்று மட்டும் இல்லை. ஊதா நிறத்தில், தொப்பி வைத்து, வயிற்றை அமுக்கினால் இந்தியில் வாழ்த்துச் சொல்லிற்று. அனுமோள் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தாள்.

"இது தங்கச்சன் இல்ல," என்றாள். "இது பொம்மையாக்கும்."

இரண்டாவது, கொல்கத்தா நீர்யானை. நிறம் சரி, முகம் சரி. ஆனால் இரண்டு கண்ணும் இருந்தன, காது முழுசாக இருந்தது, மணமே இல்லை. பொருளை 'பக்குவப்படுத்துவது' என்று குழு தீர்மானம் நிறைவேற்றியது. அனூப் குறடால் ஒரு கண்ணைப் பிடுங்கினான். செல்லபாய் காதைக் கிழித்து, கிழித்ததைத் தைத்தாள். லிஷா நெத்தோலிக் குழம்பில் முக்கியெடுத்துக் கொடியில் காயப்போட்டாள். அக்கம்பக்கத்துப் பூனைகள் கொடிக்குக் கீழே தனியாக ஒரு குழு அமைத்தன. நான் ஒரு முழு மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். குறிப்பேட்டில் இது 'தொழில்நுட்ப உதவி' என்று பதிவாகியிருக்கிறது.

அனுமோள் முகர்ந்து பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள்.

"இவனுக்கு வயித்து வலி," என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு, சோற்றுத் தட்டையும் தள்ளிவைத்தாள்.

லிஷா அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது அவள்தான். 'மேடம் பி விண்டேஜ், பெங்களூரு' என்று ஒரு ஆன்லைன் கடை. படத்தில் ஒற்றைக்கண் நீர்யானை, மீன்குழம்பு நிறம், காதில் நீலத் தையல். கீழே இங்கிலீஷில் இருந்த விவரத்தை லிஷா தமிழாக்கி வாசித்தாள். "கப்பலில் வந்த சீமை நீர்யானை. உலகத்தில் மொத்தமே மூன்று. ஒன்று ராஜா வீட்டில் இருக்கிறது, ஒன்று கடலில் போயிற்று, மிச்சம் இது. கழுவவே கூடாது. மணம் போனால் மதிப்பும் போகும்."

அந்த நடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூடவே கொஞ்சம் இருமலும் வந்தது.

செல்லபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். "இது எனக்க தையலாக்கும்."

"மாமி, விண்டேஜ் சாதனத்தில இப்படித் தையல் உண்டு. அதுக்குத்தான் இந்த விலையே."

"எடி, நான் முடிச்சு போட்டா ரெண்டு சுத்து சுத்துவேன். பாரு, ரெண்டு சுத்து."

"பெங்களூருகாரிக்கும் ரெண்டு கை உண்டும்மா," என்று அனூப் தீர்ப்புச் சொன்னான். படித்த பிள்ளை. ஆர்டர் போடப்பட்டது.

அடுத்த ஆறு நாட்கள் குடும்பமே டிராக்கிங் பார்த்தது. வரைபடத்தில் பார்சல் பாறசாலையிலிருந்து புறப்பட்டதாகக் காட்டியது. சர்வர் தப்பு என்று தொழில்நுட்பப் பிரிவு விளக்கமளித்தது. பிறகு திருவனந்தபுரம், கொச்சி, கோயம்புத்தூரில் இரண்டு நாள் ஓய்வு, மறுபடி கொச்சி, மறுபடி திருவனந்தபுரம். மனைவியோடு நான் போன ஒரே சுற்றுலாவில்கூட இத்தனை ஊர் இல்லை.

ஆறாம் நாள் கூரியர்காரர் நிஜின் ஸ்கூட்டரில் வந்தார். பார்சலைக் கையில் கொடுத்தவர் முகவரியைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், பிறகு எங்கள் கிழக்கு மதிலுக்கு அப்பால் பதினோரு எட்டு தூரத்தில் இருக்கும் புஷ்பபாயின் வீட்டைப் பார்த்தார்.

"சாறே, இத அந்த வீட்டில இருந்து நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாக்கு சொல்லியிருந்தா மதிலுக்கு மேல தூக்கிப் போட்டிருப்பேனே. கோயம்புத்தூர் வரை போக வச்சிட்டியளே."

அதற்குள் அனுமோள் பெட்டியைக் கிழித்துவிட்டாள். நீர்யானையின் வயிற்றில் மூக்கை அழுத்தினாள். கண்ணை மூடினாள்.

"தங்கச்சா, நீ எங்க போன?" என்றாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "சோறு," என்றாள்.

முதல் உருண்டை தங்கச்சனுக்கு. அப்புறம் அனுமோள் தின்றாள் பாருங்கள், மத்தியானத்துக்குக் காய்ச்சிய சோறு தீர்ந்து இரண்டாம் உலை வைத்தார்கள். லிஷா சிரித்துக்கொண்டே அழுதாள். செல்லபாய் மட்டும் கையைக் கழுவிவிட்டு நேராகக் கிழக்கு மதிலுக்குப் போனாள்.

தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற புஷ்பபாய் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"புஷ்பம், எனக்க பிள்ளைக்க சாதனத்த எனக்கே விக்கியா? இது களவில்லியா?"

"களவா? அறுப்பின் பண்டிகையில ஏலம் பிடிச்சதாக்கும். பிள்ளைக்க சாதனம்னு ஆரு சொன்னா? ஏலம் விட்டவரு மைக்கில சொன்னத அப்படியே இங்கிலீஷில போட்டேன், ஒரு வாக்கு கூட்டல, குறைக்கல."

"பெங்களூருன்னு போட்டிருக்கியே?"

"எனக்க மவ அங்க உண்டு. பாறசாலைன்னு போட்டா ஆரு வாங்குவா?"

"ஏலம் விட்டது ஆரு?"

புஷ்பபாய் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். என்னைப் பார்த்தார். செல்லபாயும் பார்த்தாள். நிஜின் ஸ்கூட்டரை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

இங்கே ஒரு சிறு விவரத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு சேனை, சேம்பு, கோழி என்று காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். பதினாலு வருடமாக அந்த மைக் என் கையில்தான். அன்று வெயில் ஏறும் முன்பே, ஏலத்துக்கு நிற்காமல், வீட்டார் குழந்தையோடு கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சேம்புக் கூடையை நான் தூக்கிக் காட்டியபோது, இலைக்கு அடியில் தங்கச்சன் படுத்திருந்தார். அனுமோள் தூங்கவைத்திருக்கிறாள். எனக்கு ஆளைத் தெரிந்தது. தெரியாமல் என்ன?

ஆனால் ஏழு சேனை தொடர்ந்து போனதில் ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் மைக் இருந்தது. மேலும், எங்கள் சபையில் ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமில்லை. 'திரும்ப வச்சிருங்க' என்று கொடுத்துவிடுவார், அது மறுபடி ஏலம் போகும். ஒரே சேவல் ஐந்து முறை விலைபோய், கடைசியில் கொண்டுவந்தவரோடேயே வீட்டுக்கு நடந்துபோவதும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் கப்பலையும் ராஜாவையும் கடலையும் அவிழ்த்துவிட்டேன். ஒற்றைக்கண் நீர்யானையை நாட்டுச் சேவலின் விலைக்கு மேலே ஏற்றிவிட்ட ஏலக்காரன் சபை வரலாற்றில் நான் ஒருவன்தான். புஷ்பபாய் அதைத் திரும்ப வைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதினாலு வருடத்தில் நான் சொன்னதை ஒருவர் முழுசாக நம்பியது அதுவே முதல்முறை. திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் மதில் அவ்வளவு உயரமில்லை. கேட்டால் செல்லபாயின் காதில் விழும். எனவே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை வராந்தாவில் நின்று கோவையாக எடுத்துரைத்தேன். குழு அங்கேயே அவசரமாகக் கூடியது.

மறுநாள் மத்தியானம், வயிறு நிறைந்த அனுமோள் அந்தச் சேம்புக் கூடையைக் கொண்டுவந்து வைத்து, "அப்பூப்பா, இதில இரி," என்றாள். உட்கார்ந்தேன். பாதி உட்கார்ந்தேன், பாதி வெளியே இருந்தது. கரண்டியை மைக்காகப் பிடித்து அவள் ஏலத்தைத் தொடங்கினாள். ஒரு தரம். யாரும் வாய் திறக்கவில்லை. ரெண்டு தரம். மதிலுக்கு அப்பால் புஷ்பபாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கடைசியில் தங்கச்சன் எடுத்தார். எடுத்தவர் சபை வழக்கப்படி உடனே என்னைத் 'திரும்ப வைத்துவிட்டார்'.

ஆகவே இதை எழுதும் இந்த நேரத்தில் நான் இரண்டாம் முறையாக ஏலத்தில் இருக்கிறேன். வாங்குவோர் வசதிக்காக, செல்லபாய் சொல்லச் சொல்ல லிஷா ஒரு விவர அட்டை எழுதி என் சட்டையில் குத்தியிருக்கிறாள். சுருக்கமான அட்டை. இரண்டே சொல்.

'முன்பு நம்பப்பட்டது.'