பெல்ட் வைத்த தாய்மாமன்

அடுத்தவர் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள், சொந்தப் பிள்ளையை நாலு பேர் பார்க்க வெளியே அழைத்துப் போகக் கூடாது. எண்பதுகளின் நடுவில் நான் ஜவ்வாது மலையில் கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன். கொதிக்க வைத்த தண்ணீர், தடுப்பூசி, நகம் வெட்டுதல் என்று மலையூர்த் தாய்மார்களிடம் நாள் முழுக்கப் பேசுவேன். அவர்களும் தலையாட்டிக் கேட்பார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தங்களுக்குத் தெரிந்தபடி செய்வார்கள். பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். (இதை நான் மேலிடத்துக்குச் சொன்னதில்லை.)

என் கணவர் அதே மலையில் பள்ளிக்கூட வாத்தியார். மகன் முரளிக்கு இரண்டு வயது முடிந்து மூன்று நடந்துகொண்டிருந்தது. மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். குலதெய்வம் கோயில் கீழே, என் பிறந்த ஊரான கலசப்பாக்கத்தில், செய்யாற்றங்கரையில். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் குத்திவிட வேண்டும் என்று அப்பா நாள் குறித்துவிட்டார்.

ஒன்றுதான் இடித்தது. காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி, சங்கர். அவன் வளைகுடாவில், ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருடா என்று அப்பா சொன்னதைக் கேட்காமல் விமானம் ஏறியவன். அன்றிலிருந்து அப்பா அவன் பெயரைச் சொல்வதில்லை. அவசியம் ஏற்பட்டால் 'அவன்' என்பார். அதிலும் அவசியம் ஏற்படாமல் பார்த்துக்கொள்வார்.

காதுகுத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான் சங்கர். அவனுக்குப் பதிலாக வந்தது ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு கேசட்டும். ஊருக்கு லீவில் வந்த அவன் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தார். கேசட்டைப் போட்டேன்.

"அக்கா, லீவு குடுக்கல. நான் இன்னா பண்றது சொல்லு. முரளிக்கு ஒரு சீட்டு அனுப்பிகீறேன். இங்க காருல புள்ளைங்கள மடியில வெச்சினு போவ மாட்டாங்க. இதுல குந்த வெச்சி பெல்ட்டு போட்டுதான் இட்டுனு போவாங்க. டாக்டரம்மாவோட புள்ள பெருசாய்ட்டான், அதான் குடுத்தாங்க. என் மடிதான் வர முடியல. இதுலயாவது குந்தட்டும்."

அதற்கு மேல் கேசட்டில் அவன் ஒன்றும் பேசவில்லை. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் அதிகம். வர முடியாதவன் நாற்காலி அனுப்புகிறானாம்.

ஆனால் பெட்டியைப் பிரித்ததும் கோபம் கொஞ்சம் தணிந்தது. (நான் அவ்வளவுதான்.) நீலத் துணி, உள்ளே மெத்தை, அடியில் இரும்புச் சட்டம், தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே ஒன்று. ஐந்தும் ஒரு கெட்டியான பூட்டில் வந்து சேர்ந்தன. பூட்டின் நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான், அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்து. கூடவே ஒரு படத்தாளும் இருந்தது. மடியில் குழந்தையோடு ஓர் அம்மா காரில் போகிறாள், அந்தப் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி. அடுத்த படத்தில் குழந்தை சீட்டில் இருக்கிறது, அம்மா சிரிக்கிறாள். எனக்கு இது போதும். மறுநாளே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போவது எவ்வளவு ஆபத்து என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊரில் யாரிடமும் கார் இல்லை.

இருந்ததெல்லாம் ஏழுமலையின் ஜீப்தான். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அதற்குக் கணக்கு கிடையாது, கடைசி ஆள் ஏறும்வரை ஏறலாம். அந்த ஜீப்பில் பிள்ளைகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்த மடி காலியாக இருக்கிறதோ அந்த மடிக்குப் பிள்ளை போய்விடும். அம்மா பின்னால் தொங்கிக்கொண்டு வருவாள், பிள்ளை முன்னால் முன்பின் தெரியாதவர் மடியில் தூங்கிக்கொண்டு வரும். இறங்கும்போது சரியான பிள்ளை சரியான அம்மாவிடம் வந்துவிடும். ஒருநாளும் மாறியதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானும் கணவரும் முரளியும் சீட்டும் ஜீப்புக்கு வந்தோம். கலசப்பாக்கத்துக்குப் புளி மூட்டை போகிற நாள். ஏழுமலை சீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"நர்சம்மா, இது மூணு ஆளு எடத்த புடிக்குது."

"பாதுகாப்பு ஏழுமலை."

"புள்ளைய எங்கிட்ட குடுங்க நர்சம்மா, நான் வெச்சிக்கிறேன்" என்றாள் காளியம்மா. பக்கத்து ஊர்க்காரி, தன் புளியை விற்கப் போகிறவள், ஏற்கெனவே இடம் பிடித்து மடியைத் தயாராக வைத்திருந்தாள்.

நான் படத்தாளை எடுத்துப் பெருக்கல் குறியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், தன் மடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சீட்டைக் கட்ட வண்டியிலேயே பெல்ட் இருக்க வேண்டும் என்றது தாள். ஏழுமலையின் வண்டியில் கதவே இல்லை. என் கணவர் மாட்டுக்கயிறு வாங்கிவந்து, பின்பக்கப் பெஞ்சோடு சீட்டைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். நானும் என் பங்குக்கு இரண்டு முடிச்சு போட்டேன். முரளியை உட்காரவைத்து ஐந்து பட்டையையும் பூட்டினேன். டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கிடைத்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வளைவுகள் தொடங்கின. எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, முரளி மட்டும் அசையாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். கொஞ்ச நேரத்தில் பிடிமானம் தேடியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கையை அவன் சீட்டில் வைத்துக்கொண்டார்கள். அப்போது ஒரு பெரிய வளைவு வந்தது. சீட்டு, முரளி, பெஞ்சு, பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே வரிசையாக வழுக்கிப் போய் எதிரே இருந்த புளி மூட்டையில் முட்டி நின்றோம். முரளி கை தட்டினான்.

ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டு வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"சீட்ட நல்லா கட்டிகீறீங்க நர்சம்மா. பெஞ்சிதான் வண்டியோட கட்டல. ஆளுங்க கனத்துல நின்னுனு இருந்திச்சி. இன்னிக்கி ஆளுங்க கம்மி."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெளியே மரங்களைப் பார்த்தார்கள். இறங்கிப் பெஞ்சை நேராக்கிவிட்டு மறுபடி ஏறினோம்.

அதற்குப் பிறகு முரளிக்கு வயிறு குமட்டியது. மலையில் அதற்குக் கைகண்ட வைத்தியம் ஒரு சுளைப் புளி. காளியம்மா தன் மூட்டையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். நான் நர்ஸ் அல்லவா, கொட்டையை விழுங்கிவிடப் போகிறான் என்று கண் கொட்டாமல் பார்த்தேன். அவன் சமர்த்தாக ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தான். நிம்மதியானேன். எடுத்த கொட்டை எங்கே போயிற்று என்று மட்டும் பார்க்கவில்லை.

கலசப்பாக்கம் வந்து சேர்ந்தபோது ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. கோயிலருகே அப்பா, நாவிதர், காது குத்தும் பத்தர், உறவுக்காரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். சங்கருக்குப் பதிலாக மடி கொடுக்க என் பெரியப்பா மகன் கோவிந்தசாமி அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுந்தவில்லை. கணவர் அழுத்தினார். ஏழுமலை இரண்டு கட்டைவிரலால் அழுத்தினார். குனிந்து பார்த்தால் பொத்தானுக்குப் பக்கத்துச் சந்தில் புளி அப்பியிருந்தது. அதற்கும் உள்ளே பழுப்பாக ஒன்று தெரிந்தது.

"உண்டி" என்றான் முரளி பெருமையாக.

அப்போதுதான் புரிந்தது. வீட்டில் அவனுக்கு ஒரு மண் உண்டியல் வாங்கிவைத்து, காசு போடப் பழக்கியிருந்தேன். போட்டால் நாங்கள் இருவரும் கை தட்டுவோம். சந்து என்று ஒன்றைக் கண்டால் எதையாவது போட வேண்டும் என்பது அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம். வழி நெடுகச் சேமித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

கொண்டை ஊசியால் நோண்டியதில் கொட்டை இன்னும் உள்ளே போனது. தேங்காய் எண்ணெய் விட்டதில் எண்ணெய் அவன் சட்டையில் வழிந்தது. யாரோ கதிர் அரிவாளைக் கொண்டுவந்து பட்டையை அறுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அத்த அறுக்கக் கூடாது. அது என் தம்பி அனுப்பினது" என்று சொல்லிவிட்டேன். வேண்டாத கோபமெல்லாம் அவன் மேல் வைத்திருந்தவள் நான்தான். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்து, சீட்டோடு முரளியைத் தூக்கிவந்து கோயில் முன் வைத்தோம். மொட்டை அடிப்பதில் சிரமமே இல்லை. "எல்லாப் புள்ளைங்களயும் இப்டி கட்டிக் குடுத்தா எனுக்கு எவ்ளோ நல்லா இருக்கும்" என்றார் நாவிதர். பிறகு சீட்டோடு குளிப்பாட்டினோம். அதற்கு முன்பே அவன் சீட்டை ஒருமுறை நனைத்திருந்ததால் அதிலும் யாருக்கும் மறுப்பில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் தடவினோம்.

அடுத்தது மடி. கோவிந்தசாமி அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தண்ணீர் சொட்டும் சீட்டை முரளியோடு அவர் மடியில் இறக்கினோம். அடியில் இரும்புச் சட்டம் என்று முன்பே சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பத்தர் ஊசியை எடுத்து நிமிர்வதற்குள், "எறக்குங்க, கால் போய்ட்ச்சி" என்றார். இறக்கினோம்.

பத்தேகால் ஆகிவிட்டது. மடி இல்லாமல் குத்தலாமா, வேறு நாள் பார்க்கலாமா, அபசகுனமா என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நான் என் பிள்ளையின் காதுகுத்தைக் கெடுத்துவிட்டுக் கையில் கொண்டை ஊசியோடு நின்றேன். இந்தச் சீட்டை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் காளியம்மா மடியில் பிள்ளை சுகமாக வந்திருப்பான். அழக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சீட்டின் பக்கத்தில் வந்து நின்றார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்த யாரு அனுப்புனது?"

அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். "சங்கருப்பா."

"சங்கரு புள்ளைக்கு யாரு?"

"தாய்மாமன்."

"அவன் வாங்கி அனுப்புனதுலதான புள்ள குந்திகீது? அப்ப அதான் மடி." பத்தர் பக்கம் திரும்பினார். "நீங்க குத்துங்க."

ஒரு மொட்டைப் பிள்ளை இவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்து பத்தரும் பார்த்திருக்க மாட்டார். கோவிந்தசாமி அண்ணன் தலையை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு காது முடிந்தது, மறு காதும் முடிந்தது. முரளி வீறிட்டு, முதுகை வளைத்துக் காலால் ஓர் உதை உதைத்தான். ஊறிப்போயிருந்த பூட்டு டக் என்று திறந்துகொண்டது. புளியங்கொட்டை ஒன்று பத்தரின் தாம்பாளத்தில் போய் விழுந்தது.

"வேல முடிஞ்சிது, மாமன் வுட்டுட்டான்" என்றார் அப்பா.

நான் அழுதேன். பிள்ளைக்கு வலிக்கிறதே என்று அழுவதாக எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மடி கொடுத்த தாய்மாமனுக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டுமே. அப்பா துண்டை விரித்து, சீட்டின் தோள் பக்கம் போர்த்தி, தட்டை அதன் நடுவில் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. போட்டோக்காரர் அதையும் ஒரு படம் எடுத்தார். அன்று மாலை அப்பா என்னிடம், "அந்த கேசட்ட எடுத்துனு வந்துகீறியா?" என்று கேட்டார். எடுத்து வந்திருந்தேன். டேப் ஓடி முடிகிறவரை உட்கார்ந்து கேட்டார், சங்கர் பேசாத பகுதியையும் சேர்த்து.

சங்கர் அடுத்த முறை வந்தது என் மகளின் காதுகுத்துக்கு. ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டான். பட்டு வேட்டியில், நிஜமான மடியில், அவளை உட்காரவைத்துக்கொண்டான். அவளோ நெளிந்தாள், வழுக்கினாள், அவன் கையைக் கடித்தாள், ஊசியைக் கண்டதும் அக்குள் வழியாக நழுவி ஓடியேவிட்டாள். பிடித்துக்கொண்டு வர நேரமாயிற்று. அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மடியில பெல்ட்டு இல்ல. பெரிய மாமனே தேவலாம்" என்றார்.

சங்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சங்கர் சின்ன மாமா. எனக்கு ஒரே தம்பிதானே என்று புதிதாக வரும் சம்பந்திகள் குழம்பிப்போய், பெரிய மாமா எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பார்கள். பரண் மேலே இருக்கிறார் என்று என் மகன் சொல்லுவான். விசேஷ நாட்களில் சங்கரே ஏணி போட்டு ஏறி, தூசு தட்டிக் கீழே இறக்கிவைப்பான். முதல் வெற்றிலை பாக்கு அதற்கு வைத்த பிறகுதான் தன் தட்டை வாங்கிக்கொள்வான்.