உறவினருக்கு மட்டும் வீடு

குடியிருப்போர் நலன் கருதி ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம், குறை சொல்வதற்கில்லை. ஓனர் தக்க காரணமில்லாமல் யாரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. நினைத்தபோதெல்லாம் வாடகையை ஏற்றக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வரக் கூடாது. குழாய் ஒழுகினால் உடனே சரி செய்து தர வேண்டும். அன்றைக்கு வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்த 'வீடு வாடகைக்கு' பலகைகளில் ஒன்றைக்கூடக் காணோம். உரிமைகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைக் கொண்டுபோய் வைக்கத்தான் வீடு இல்லை.

எங்கள் நேரம், அப்போதுதான் நாங்கள் வீடு தேட வேண்டியிருந்தது. சட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே எங்கள் பழைய ஓனர் முந்திக்கொண்டு எங்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார். என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கே போனாலும் அவருக்கு வேலை உண்டு. ஆனால் நாலு வயது மகளுக்கு நாயாய் அலைந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியிருந்தோம். பக்கத்திலேயே வீடு இருந்தால்தான் அந்த இடம் நிலைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புரோக்கரிடம் போனோம். புரோக்கர் என்றால் இப்போது கோபித்துக்கொள்கிறார். சட்டம் வந்தபின் அவர் 'இடமாற்ற ஆலோசகர்'. அதே ஆள், அதே ஸ்கூட்டர், கழுத்தில் மட்டும் புது டை. கமிஷன் இப்போது 'ஆலோசனைக் கட்டணம்' ஆகிவிட்டதால் இரண்டு மடங்கு.

"வாடகைக்கு வீடே இல்லக்கா," என்றார். "சொந்தக்காரங்களுக்குத்தான் இருக்கு."

விஷயம் இதுதான். சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம். ஓனரின் நெருங்கிய உறவினர் தங்கினால் அவர் குடியிருப்பவர் ஆகமாட்டார், அவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முதல் பக்கத்தை நாங்கள் படித்தோம். கடைசிப் பக்கத்தை ஓனர்கள் படித்தார்கள். அதனால் இப்போது யாரும் வீட்டை வாடகைக்கு விடுவதில்லை. உறவினரைத் தங்க வைக்கிறார்கள். உறவினர் மாதம் பிறந்ததும் அன்பளிப்பு தருகிறார்.

"ஒரு பெரியப்பா வீடு இருக்கு, மூணாவது மாடி. ஒரு தாய்மாமா வீடு இருக்கு, ஆனா தண்ணி வராது," என்று ஆலோசகர் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

இந்த ஊரில் நமக்குத் தாய்மாமா இல்லையே என்று என் கணவர் அப்பாவியாகக் கேட்டார்.

"சாயந்தரத்துக்குள்ள இருப்பாரு சார்."

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் கீழ்வீடு ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, சின்னச் சமையலறை, கொல்லைப்பக்கம் தனி வாசலோடு இன்னொரு அறை. ஓனர் மாடியில் தனியாக இருந்தார். தலைமுடிக்கு அவர் பூசியிருந்த கறுப்பு, காதோரத் தோலிலும் கொஞ்சம் இருந்தது. இது எங்க அப்பா கட்டின வீடு, ஒவ்வொரு செங்கல்லும் அவர் கைபட்டது என்று சுற்றிக் காட்டினார். ஆலோசகர் அவரை எனக்குப் பெரியப்பாவாகப் போடலாம் என்றார். மாடிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பா என்று இறங்கிப் பார்த்தார். அதற்கும் சுருங்கியது.

"என்னைப் பார்த்தா அப்பா வயசா தெரியுது? அண்ணன்னு போடுய்யா."

இப்படியாக எனக்கு, என் அப்பாவைவிட இரண்டு வயது மூத்த ஓர் அண்ணன் கிடைத்தார்.

அண்ணன் என்றால் சும்மாவா. ஓனர்தான் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும். அண்ணனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே உள்ளே வருவார். என் மகளுக்குச் சட்டை மாட்டுவது முதல் நான் சட்டினி அரைப்பது வரை அபிப்பிராயம் சொல்வார். இவரை 'மாப்ள' என்று கூப்பிட்டு, தன் ஃப்ரிட்ஜை இலவசமாகப் பார்க்கச் சொன்னார். நானும் சளைத்தவள் இல்லை. தங்கச்சி என்ற உரிமையில் எங்கள் துணியெல்லாம் மாடி வாஷிங் மெஷினுக்குப் போனது. குளியலறைக் குழாய் மட்டும் வந்த நாளிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. சரி செய்யச் சொன்னால், குழாய் ரிப்பேர் குடியிருப்பவர்களுக்குத்தானே, தங்கச்சிக்கு எதற்கு என்பார்.

ஊரெல்லாம் இதே கதையாக இருந்ததால் அரசுக்குச் சந்தேகம் வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓனருக்கு ஒரு பேருந்து கொள்ளாத அளவுக்குத் தங்கைகள் இருந்தார்களாம். உடனே 'உறவு சரிபார்ப்பு அலுவலர்' என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். போலி உறவு என்று தெரிந்தால் ஓனருக்கு அபராதம், நாங்கள் அன்றைக்கே தெருவில்.

எங்களுக்கும் முறை வந்தது. ஆலோசகர் ஓடி வந்து, ஒரு கட்டணத்துக்குக் 'குழந்தைப்பருவ நினைவுகள்' சொல்லிக் கொடுத்தார். நானும் மாடி அண்ணனும் சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து சேர்ந்து விழுந்தோம். மனப்பாடம் செய்தோம்.

அலுவலர் வந்து உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விழ ஆரம்பித்தேன்.

"கொய்யா மரமா?" என்று நிறுத்தினார். "இந்தத் தெருவுல காலையிலேருந்து எல்லாரும் அதுலேருந்துதான் விழறாங்க. மரம் தாங்குமா?"

பிறகு என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, மாடிக்காரரைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். மாமா என்றாள், கணீரென்று. எனக்கு உயிர் வந்தது. எப்போதிலிருந்து மாமா என்று கேட்டார்.

"போன மாசத்துலேருந்து."

போன உயிரை ஆலோசகர்தான் இழுத்துப் பிடித்தார். அதுக்கு முன்னாடி ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை சார் என்றார். அலுவலர் தலையாட்டினார். அது இயல்புதான் என்று எழுதிக்கொண்டார். ஆனால் மாடிக்காரர் "உக்காரும்மா" என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போட, நான் "நீங்க உக்காருங்கண்ணா, காபி கொண்டுவரட்டுமா" என்று பணிந்து கேட்க, அலுவலரின் பேனா நின்றது.

"இவ்வளவு மரியாதையா பேசிக்கற அண்ணன் தங்கச்சிய என் சர்வீஸ்ல பார்த்ததில்ல," என்றார்.

முடிவை எழுதும் முன் கை கழுவப் போனார். குழாய் அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் சட்டை, கோப்பு எல்லாம் தொப்பல். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"எத்தனை தடவை சொன்னேன்? காதுல என்ன வச்சிருந்தீங்க?"

"என் வீட்டுல இருந்துக்கிட்டு என்னையே கேக்கறியா நீ?"

"உங்க வீடா? நம்ம அப்பா கட்டின வீடு இது!"

வாய்தவறி வந்ததுதான். அவரும் விடவில்லை. போன வாரம் நான் அவருடைய வாஷிங் மெஷினில் சாயம்போகிற துணியைப் போட்டதிலிருந்து எடுத்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தீர்களா என்று நான் எடுத்தேன். மகள் அழ, இவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சொட்டச் சொட்ட நின்ற அலுவலரின் முகம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தது. அங்கேயே எழுதி வாசித்தார்:

"மேற்படி இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்காமல் ஒரே நேரத்தில் பேசினர். பழையவற்றைத் தோண்டினர். தகப்பனார் வீட்டைக் குறிப்பிட்டனர். ஆகவே இவர்கள் உடன்பிறந்தோர் என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படுகிறது."

பிழைத்தோம் என்று இரண்டு வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கினோம். ஆனால் இப்போது எல்லாத் துறைகளும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றனவாம். உறவுத் துறையில் தங்கை என்று பதிவானது, தானாகவே சொத்துத் துறைக்கும் போய்விட்டது. தகப்பனார் கட்டிய வீட்டில் மகளுக்குச் சம பங்கு. கீழ்த்தளம், கொல்லை அறை உட்பட, என் பெயருக்கு மாறியிருந்தது.

மாடிக்காரர் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, கூடவே போனேன். சத்தியமா இவ என் தங்கச்சியே இல்ல சார் என்று அழாத குறையாகச் சொன்னார். அலுவலர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"சொத்துன்னு வந்ததும் எல்லா அண்ணனும் இதைத்தான் சார் சொல்றாங்க."

நானும் இல்லை என்றேன். பாவம், மிரட்டி வைத்திருக்கிறார் என்று எழுதி, எனக்குப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று திரும்பி வந்தோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து நாங்கள் நிஜமாகவே அண்ணன் தங்கை.

பிறகு ஒருநாள் ஆலோசகர் வந்தார். வாசலில் ஓர் இளம் ஜோடி நின்றது. அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை, தோளில் பை. கொல்லை அறை சும்மாத்தானே இருக்கிறது என்றார். பாவமாகத்தான் இருந்தது எனக்கு. கொடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் வேறு எதையோ கேட்டது.

"எந்த உறவுன்னு போட்டா சொத்துல பங்கு வராது?"

ஆலோசகர் யோசிக்கவே இல்லை. "மருமகள்க்கா. மாமியார் சொத்துல ஒரு செங்கல் வராது. வீட்டு வேலையும் நடக்கும்."

"எனக்குப் பையனே இல்லையே."

"அந்தப் பொண்ணோட புருஷன் சும்மாத்தானே நிக்கறாரு. அவரு மகன் இல்ல, மருமகளோட வீட்டுக்காரர்னு மட்டும் போட்டுக்கலாம்."

அன்று சாயந்தரமே குடிவந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் இளையவளாக இருப்பாள்.

"அத்தை, அந்த ரூம்ல ஜன்னல் கதவு சரியா மூட மாட்டேங்குது. குழந்தைக்குக் குளிருது."

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த ஆலோசகரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கட்டணமில்லாமல் தானாகவே வந்தது.

"ஏம்மா, உங்க அம்மா வீட்டுல எல்லாக் கதவும் ஒழுங்கா மூடுமோ?"