எட்வினை நிறுத்தப் போன ஞாயிறு

சிப்ஸ் கடை நடத்துகிறவன் ஏத்தன் வாழைக்காயைத் தட்டிப் பார்த்தே அது விளைந்ததா என்று சொல்ல வேண்டும். எண்ணெயின் முகத்தைப் பார்த்தே அதன் சூட்டைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாக வரும். ஆனால் கடை என்று இருந்தால் என்றைக்காவது ஒருவனை முன்னால் நிறுத்தி, "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கொதிக்கிற எண்ணெயில் கையை விடு என்றால், எந்தக் கையை என்று கேட்கிற ஆள் நான்.

அவ்வளவு கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் பல காரணம் சொல்வார்கள். ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று யாரோ என்னிடம் சொல்லிவிட்டதுதான் உண்மையான காரணம்.

இப்படிப்பட்டவனுக்கு நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் ஒரு கடை. பொரிப்பதற்கு மாஸ்டர் தங்கப்பன். என்னைவிட மூத்தவர். அவர் பொரித்த சிப்ஸைக் கடித்தால் பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு மொறுமொறுப்பு. நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது எட்வின் வந்தான். (அவனை நான்தான் தேர்வு செய்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். நடந்தது வேறு. அவன் கேள்வி கேட்டான், நான் தலையாட்டினேன். கடைசியில், "அப்ப நாளைக்கே வந்துரட்டா அண்ணாச்சி?" என்றான். அதற்கும் தலையாட்டினேன்.)

எட்வின் தங்கமான பையன். திருட்டு கிடையாது, பொய் கிடையாது, லீவு கிடையாது. ஒரே ஒரு குறை. அவனுடைய சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து அவனுக்கு எண்ணெய் ஆகாது. அவன் தின்னாமல் இருந்தால் எனக்கென்ன? வருகிறவர்களையும் தின்ன விடமாட்டான்.

"அக்கா, உங்களுக்குக் கொழுப்பு கூடுதல்னு டாக்டர் சொன்னதா போன தடவ சொன்னீயள்லா? அரைக்கிலோ எதுக்கு? நூறு போதும்."

சவுதிக்குப் போகிற ஒருவர் பெட்டியில் கொண்டுபோக ஐந்து கிலோ கேட்டார். எட்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பேரீச்சம்பழம் விளையுற ஊருக்கு இந்த எண்ணெயச் சுமந்துட்டு போணுமா? உங்க நெஞ்ச யாரு பாப்பா அங்க?" என்றான். அந்த மனிதர் கண் கலங்கி, நன்றி சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

தங்கப்பன் மாஸ்டர் ஜல்லிக்கரண்டியை வாணலியின் விளிம்பில் ஓங்கித் தட்டினார். அன்று மாலை என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நான் இந்தப் பக்கம் பொரிச்சுத் தள்ளுதேன். அவன் அந்தப் பக்கம் வாறவனை வெளிய தள்ளுதான். ஓணம் வருது. ஒண்ணு அவன் நிக்கட்டும், இல்லேன்னா நான் நிக்கட்டும். எதிர்க்கடைக்காரன் என்னைக் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கான், கேட்டீரா?"

எங்கள் பக்கம் வருஷ வியாபாரமே ஓணத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் மாஸ்டர் போனால் கடையைப் பூட்டிவிட்டு நானும் சவுதிக்குப் போக வேண்டியதுதான், சிப்ஸ் இல்லாமல்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் எட்வினைக் காய்க்குலை அடுக்கிய அறைக்குக் கூப்பிட்டேன். வந்து நின்றான். "சாயா குடிச்சியா?" என்றேன். "குடிச்சேன் அண்ணாச்சி." "செரி." அவ்வளவுதான். இன்னொரு நாள், முகம் பார்த்தால்தானே தொல்லை, போனில் சொல்லிவிடலாம் என்று அழைத்தேன். அவன் எடுத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அங்க மழை உண்டுமா?" என்று கேட்டேன்.

"நான் உங்களுக்குப் பொறத்ததான் நிக்கேன் அண்ணாச்சி," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

என் மனைவி லில்லிபாயிடம், நீயாவது சொல்லேன் என்று கெஞ்சினேன்.

"நானா? அவனுக்க அம்மையும் நானும் சபையில ஒரே பெண்கள் சங்கம். வாராவாரம் அந்த மூஞ்சில முழிக்கண்டாமா? உங்களுக்கு ஆண்டவரு வாயி எதுக்கு வச்சாரு, சாயா குடிக்க மட்டுமா? ஞாயித்துக்கிழமை பழம் வாங்கிட்டு அவன் வீட்டுக்குப் போயி, மரியாதையா சொல்லிட்டு வாருங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (வந்ததே என்று இப்போதும் வருத்தப்படுகிறேன்.) உலகத்தில் நான் தடையில்லாமல் பேசுகிற இடம் ஒன்று உண்டு. ஜெபம். கண்ணை மூடிவிட்டால் எனக்குக் கூச்சம் போய்விடும், வார்த்தை தானாக வரும். எங்கள் சபையில் ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபம் பண்ணாமல் இறங்கும் வழக்கமும் இல்லை. யோசித்துப் பாருங்கள். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். எதிர்க்கேள்வி கிடையாது. அழுகிற முகத்தைப் பார்க்க வேண்டாம். கடைசியில் சம்பந்தப்பட்டவனே "ஆமென்" என்று ஒப்புக்கொண்டுவிடுவான். ஒருவனை வேலையை விட்டு நிறுத்த இதைவிட நாகரிகமான வழி எந்தக் கம்பெனியில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். எட்வின் வீடு மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில். வழியெல்லாம் ஜெபத்தை ஒத்திகை பார்த்தேன். ஓட்டுகிற அவசரத்தில் ஒருமுறை கண்ணையே மூடிவிட்டேன். எதிரே வந்த மீன்வண்டிக்காரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள். ஒரு காரும் நின்றது. யாரோ விருந்தாளிகள். நல்லதாய்ப் போயிற்று, இன்னொரு நாள் வரலாம் என்று ஸ்கூட்டரைத் திருப்பினேன். அதற்குள் எட்வினின் அம்மா பார்த்துவிட்டார்.

"எலே எட்வின், ஓடி வா! உனக்க முதலாளி வந்திருக்காரு! அண்ணாச்சி, நாங்க கூப்பிடாமலே தெரிஞ்சு வந்திருக்கீயளே! பழம் வேற!"

எட்வினுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் திருவட்டாறு பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் வீடு காண வந்திருந்தார்கள். பழத்தோடு நுழைந்த என்னைப் பிடித்துப் பெண்ணின் அப்பாவுக்கு நேர் எதிரில் உட்கார வைத்தார்கள். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பையன் எப்படியாக்கும்?"

"ம்," என்றேன்.

"குணம்?"

"ம்ம்."

"பொட்டலம் கட்டுற வேலைன்னு சொன்னாவ. அதாக்கும் எங்களுக்கு ஒரு யோசனை. மேல வாறதுக்கு வழி உண்டுமா?"

சாயாவை வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்தது. நல்ல வேளை, பேச முடியாததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"அவரு அதிகம் பேச மாட்டாரு மாமா, அடக்கமான மனுஷன்," என்றான் எட்வின். அதோடு விடாமல், கண்டக்டர் எடுத்த இரண்டாவது வடையை மெதுவாகத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்து, "எண்ணெய் கூடுதல் மாமா, ஒண்ணு போதும்," என்றான். சம்பந்தம் இதோடு முறிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் கண்ணை மூடியதை எட்வினின் அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "எல்லாரும் எழும்புங்க, அண்ணாச்சி ஜெபம் பண்ணப் போறாரு," என்றார்.

எழுந்தேன். இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம், பொதுவாக நாலு வார்த்தை ஜெபித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து ஓட்டிப் பழகிய வாய் பழகிய சாலையில்தான் போனது.

"ஆண்டவரே, இந்த மகன் எட்வினை இத்தனை காலம் எங்கள் கடையில் வைத்து நடத்தினீரே, ஸ்தோத்திரம். இனி எங்கள் சின்னக் கடை அவனுக்குப் போதாது. அவனுக்கென்று வேறொரு நல்ல இடத்தை ஆயத்தம் பண்ணும். ஓணத்துக்கு முன்னே அதை வாய்க்கப்பண்ணும். அவன் எங்களை விட்டுப் போய், சொந்தக் காலில் நிற்பதை எங்கள் கண்கள் காணட்டும்..."

"ஆமென்!" என்றார் கண்டக்டர். நான் இன்னும் முடிக்கவே இல்லை.

கண்ணைத் திறந்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். "எத்தனை முதலாளியப் பாத்திருக்கேன்! செய்யுறத வாயால சொன்னா பெருமை வருமுன்னு ஜெபத்துல வச்சே சொல்லிட்டீயளே! பையனுக்குத் தனிக்கடை! அதும் ஓணத்துக்கு முந்தி!"

எட்வின் என் தோளில் சாய்ந்து அழுதான். அவன் அம்மா அழுதார். பெண்ணின் அம்மா, "மருமவனுக்கு மாமன் மேல எவ்வளவு கரிசனம், வடையப் பிடுங்குனானே," என்று சொல்லி அழுதார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல இதுதான் நேரம். நான் பலம் எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னேன்:

"ம்."

வீட்டில் லில்லிபாய் வாசலிலேயே நின்றாள்.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"அழுதானா?"

"எல்லாரும் அழுதாவ."

நடந்ததைச் சொன்னேன். அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். "ஒருத்தனை நிறுத்திட்டு வாருங்கன்னு அனுப்புனா, அவனுக்குக் கல்யாணமும் முடிச்சு, கடையும் வச்சுக் குடுத்துட்டு வந்து நிக்கீயளே!" என்றாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. பெண்கள் சங்கத்திலிருந்து வாழ்த்து. இருட்டுவதற்குள் செய்தி எங்கள் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போனால் அடுப்பு பற்றவில்லை. மாஸ்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த அடுப்புக்கு முன்னால வெந்தவன் நான். கடை அவனுக்கா? நடக்கட்டும் அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னார். சாலையைக் கடந்து எதிர்க்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிர்க்கடைக்காரன் சாயாவை அவனே கொண்டுவந்து நீட்டினான். யாரை வைத்துக்கொள்வதற்காக இவ்வளவும் செய்தேனோ அந்த மனிதர் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். அவர் முன்னால் நின்றேன். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுவதும் எங்களைப் பார்த்தது. வேறு வழி தெரியாமல், நடுச்சாலைக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன்.

"ஆண்டவரே, இந்தத் தங்கப்பனை..."

"வே! கண்ணைத் தொறந்து பேசும்!" என்று ஒரு சத்தம். "நான் பகவதி அம்மனைக் கும்புடுதவன். எனக்க மூஞ்சியப் பாத்து எனக்கிட்ட சொல்லும்!"

திறந்தேன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அப்போது என்ன ஆயிற்றோ, எனக்கே தெரியவில்லை, வந்துவிட்டது.

"அவனை நிறுத்தத்தான் மாஸ்டரே போனேன். நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சு. ஜெபத்துல சொன்னேன். அவங்க கடைன்னு எடுத்துக்கிட்டாவ. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால இல்லைன்னு சொல்ல முடியல்ல. நீரு போனா எனக்குக் கடையே கிடையாது."

என் வாழ்க்கையில் கண்ணைத் திறந்துகொண்டு நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. தங்கப்பன் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு. சாயா வேட்டியில் சிந்துகிற அளவுக்குச் சிரிப்பு. "வேலைய விட்டு அனுப்ப ஜெபம்! லேய், கேட்டியளா இந்தக் கதைய!" என்று பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வந்தார்.

கொடுத்த "ம்"மை லில்லிபாய் காப்பாற்றினாள். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பெட்டிக்கடையை வாடகைக்குப் பிடித்தாள். "உனக்கு எண்ணெய்தானே ஆகாது? எண்ணெய் இல்லாததை வித்துக்கோ," என்று எட்வினிடம் சொல்லிவிட்டாள். அவித்த மரச்சீனிக்கிழங்கு, ஏத்தம்பழம், சுண்டல், கருப்பட்டிக் காப்பி. ஓணத்துக்கு முந்தின வாரம் திறந்தான். "பொரிச்சது வேணும்னா அங்க இருக்கு, அதுக்குப் பொறவு நெஞ்சு வலிச்சா எனக்கிட்ட வராதீங்க," என்று அவன் எங்கள் கடையைக் கைகாட்டுவான். அப்படிச் சொன்னால் ஜனங்களுக்கு உடனே பொரித்ததைத் தின்னத் தோன்றுகிறது. அந்த ஓணத்தில் மாஸ்டருக்குக் கை ஓயவில்லை.

உண்மை எட்வினுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூலம் ஊருக்கே தெரியும். "நானும் சேர்ந்துதானே ஆமென் சொன்னேன் அண்ணாச்சி," என்பான். கண்டக்டர் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. என் அடக்கத்தினால் நானே கட்டிவிட்ட கதை என்கிறார். அவர் சொல்லிச் சொல்லி, வீடு காண ஆள் வருகிறது என்றால் பக்கத்து ஊர்களிலிருந்துகூட என்னை ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள். ஊரிலேயே பெரிய கூச்சக்காரனுக்குக் கிடைத்த உத்தியோகம்.

போன கிறிஸ்துமஸுக்குக் கடை ஆட்களுக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பாடு. இலை போட்டாயிற்று. ஜெபிக்கக் கண்ணை மூடினேன். வழக்கமாகக் கேட்கிற முணுமுணுப்பு ஒன்றும் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தங்கப்பன், எட்வின், அவன் மனைவி, பொட்டலம் கட்டப் புதிதாகச் சேர்ந்த பெண், லில்லிபாய், ஒருவர் விடாமல் எல்லாரும் கண்ணை நன்றாகத் திறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, சோறு ஆறுது," என்றாள் என் மகள் ஷெரின். "சோத்துக்கு மட்டும் ஸ்தோத்திரம் சொல்லிட்டு நிறுத்திருங்க. இன்னொரு கடைக்கு நம்ம கடைத்தெருவுல இடம் இல்ல."